பினாங்கு நாசி கண்டார்: எல்லா குழம்பையும் ஒண்ணா ஊத்திட்டாங்க

காலேஜ் ரூம்மேட் ஒருத்தன் மலேசியால பினாங்குல பாயான் லெப்பாஸ் பக்கம் சிப் கம்பெனில வேலை பாக்குறான், மூணு வருஷமா வாடா வாடான்னு கூப்டுட்டே இருந்தான், இப்பதான் நாலு நாள் லீவு போட்டு போயிட்டு வந்தேன். சுத்திப் பாத்தத விட தின்னதுதான் ஜாஸ்தி. அதனால இது சாப்பாட்டு ரிவ்யூ, அதுலயும் முக்காவாசி நாசி கண்டார் பத்திதான்.

முதல் நாள் மதியமே ஜார்ஜ் டவுன் கேம்பல் ஸ்ட்ரீட்ல இருக்க ஹமீதியான்ற நாசி கண்டார் கடைக்கு இழுத்துட்டுப் போயிட்டான். 1907ல இருந்து இருக்க கடை. மலாய்ல நாசின்னா சோறு, கண்டார்னா தோள்ல கம்பு வச்சு ரெண்டு பக்கமும் சுமையத் தொங்கவிட்டு தூக்குறது. அந்தக் காலத்துல நம்ம பக்கத்துல இருந்து போன தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறு இன்னொரு பக்கம் குழம்புன்னு காவடி மாதிரி தூக்கிட்டுப் போய் துறைமுகத்துல மூட்டை தூக்குறவங்களுக்கு வித்த சாப்பாடாம். இப்ப கம்பு இல்ல, பேரு மட்டும் நின்னுடுச்சு.

உள்ள உக்காந்து ஆர்டர் பண்றதெல்லாம் அப்புறம், முதல்ல வரிசைல நிக்கணும். கவுண்டர்ல அண்டா அண்டாவா குழம்பு, நீ கை காட்டுனா அவர் எடுத்து வைப்பாரு. நான் ஆயாம் கப்பித்தான்னு சொல்ற கோழியும், முழுசா அவிச்ச வெண்டைக்காயும், பாதியா வெட்டுன உப்பு முட்டையும் கை காட்டுனேன். அப்பதான் இவன் பின்னாடி நின்னுகிட்டு "பஞ்ஜிர்"னு ஒரு வார்த்தை சொன்னான். பஞ்ஜிர்னா வெள்ளம். அந்த அண்ணன் கோழிக்குழம்புல ஒரு கரண்டி, மீன் குழம்புல ஒரு கரண்டி, கறுப்பா இருந்த கறிக்குழம்புல ஒரு கரண்டி, பருப்பு மாதிரி ஒண்ணுல அரைக் கரண்டின்னு மூச்சு விடாம ஊத்துறாரு, சோறு எங்க இருக்குன்னே தெரியல.

எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. சாம்பார் முடிச்சு வத்தக்குழம்பு, அது முடிச்சு ரசம், அப்புறம் மோர்னு வரிசையா சாப்பிட்டு வளந்தவன் நானு, தட்டுல சாம்பார் மிச்சம் இருக்கப்ப ரசம் ஊத்திக்கிட்டாலே எங்கம்மா திட்டும். "டேய் என்னடா இது, கல்யாண வீட்ல மிச்சம் மீதிய ஒண்ணா கொட்டின மாதிரி இருக்கு"ன்னேன். "வாய மூடிட்டு பிசைஞ்சு சாப்டு மச்சி"ன்னான்.

சாப்டேன். மொத வாய்ல ஒண்ணும் புரியல. மூணாவது வாய்லதான் பிடிபட்டுச்சு, கோழிக்குழம்புல லேசா இனிப்பு, மீன் குழம்புல இருந்து புளிப்பு, கறிக்குழம்புல பட்டை சோம்பு காரம், தனித்தனியா சாப்பிட்டா ஒவ்வொண்ணும் சுமார்தான்னு நினைக்கிறேன், ஆனா சேரும்போது வேற ஏதோ ஆகுது. தட்டோட ஓரத்துல குழம்பு எண்ணெய் பிரிஞ்சு ஆரஞ்சு கலர்ல நின்னுச்சு, அத கடைசில வெண்டைக்காயால வழிச்சுத் தின்னேன் பாருங்க, அதுதான் இந்த ட்ரிப்லயே பெஸ்ட். ரெண்டு பேருக்கும் டீயோட சேத்து 40 வெள்ளிக்குள்ளதான் வந்துச்சு. அங்க நம்ம ஆளுங்க ரிங்கிட்ட வெள்ளின்னுதான் சொல்றாங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி "பத்து வெள்ளி"ன்னு சொன்னப்ப எதுக்கு பத்து வெள்ளிக்கிழமைன்னு முழிச்சேன்.

ஒரு எச்சரிக்கை. வேற ஒரு நாசி கண்டார் கடைல (பேரு வேணாம்) விலை கேக்காம பெரிய இறால் ஒண்ணக் கை காட்டிட்டேன், பில்லப் பாத்தா அந்த ஒரு இறாலுக்கே தனியா அழணும் போல இருந்துச்சு. கோழிக்கும் முட்டைக்கும் பயம் இல்ல, இறால், மீன் முட்டை, பெரிய மீன் தலை இதெல்லாம்னா மொதல்லயே கேட்டுடுங்க.

அசாம் லக்சா ஆயர் ஈத்தாம்ன்ற இடத்துல சாப்டோம். மீன உதிர்த்துப் போட்ட புளிக்குழம்புல தடி தடியா அரிசி நூடுல்ஸ், மேல அன்னாசி, வெள்ளரி, புதினா, ஒரு ஸ்பூன்ல கறுப்பா இறால் விழுது. அந்த விழுது வாசனை கருவாடு பிடிக்காதவங்கள ஓட வச்சிடும், எனக்குப் பிடிச்சுது, ஆனா ஒரு கிண்ணம் போதும். செண்டோல் பத்தி எல்லாரும் ஆஹா ஓஹோன்றாங்க, ஐஸு, தேங்காப்பாலு, பச்சை கலர்ல புழு மாதிரி ஜெல்லி, சிவப்பு பீன்ஸ், கருப்பட்டி மாதிரி வாசனையா ஒரு பாகு. வெயிலுக்கு நல்லா இருக்கு, அவ்ளோதான், எனக்கு ஜிகர்தண்டாதான் ஒசத்தி.

சுத்திப் பாத்தது சுருக்கமா. கெக் லோக் சின்ற புத்த கோயில்ல 30 மீட்டருக்கு மேல உசரமா குவான் யின்னு சொல்ற கருணை தெய்வத்தோட வெண்கல சிலை, கீழ நின்னு பாத்தா கழுத்து வலிக்கும். பினாங்கு மலைக்கு 1923ல இருந்தே ரயில் ஓடுது, இப்ப ஓடுறது ஏசி வண்டி, செங்குத்தா ஏறும்போது காது அடைக்குது. மேல முருகன் கோயிலும் மசூதியும் பக்கத்து பக்கத்துல. நாங்க சாயங்காலம் போனோம், மேகம் மூடி பாலம் கடல் ஒண்ணுமே தெரியல, காலைலயே போயிடுங்க. ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல அந்த சைக்கிள் சுவரோவியம் முன்னாடி போட்டோ எடுக்க ஒரு கூட்டமே நிக்குது, நாங்க நிக்கல.

ஊருக்கு வந்த மறுநாள் ஞாயித்துக்கிழமை, வீட்ல கறிக்குழம்பு, ரசம், முந்தின நாள் மீன் குழம்பு. மூணையும் ஒண்ணா ஊத்தினேன். அம்மா தட்டையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு "அங்க சோறு போட்டானா இல்லையாடா உன் ஃப்ரெண்டு"ன்னு கேட்டுச்சு.

ஹமீதியாவுக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அரை குறைச்சது வரிசைக்காக. ஸ்பூனும் ஃபோர்க்கும் வைப்பாங்க, ஓரமா தள்ளி வச்சிட்டு கையால சாப்பிடுங்க.