கேஎம், விமேக்ஸ் கணக்கிட: லைன்வீவர்–பர்க் கோடா, நேரடி வளைவுப் பொருத்தமா?

வெவ்வேறு வினைப்பொருள் (நொதி செயல்படும் பொருள்) செறிவுகளில் நொதி வினையின் வேகத்தை அளந்தாயிற்று. அதிலிருந்து விமேக்ஸ் (Vmax, வினை எட்டக்கூடிய உச்ச வேகம்), கேஎம் (Km, வேகம் அந்த உச்சத்தில் பாதியாகும் வினைப்பொருள் செறிவு) இரண்டையும் பெற வேண்டும். அடுத்து எந்த வழியில் கணக்கிடுவது என்று பலரும் தயங்குகிறார்கள்.

கருவி
லைன்வீவர்–பர்க் (1934): 1/வேகத்தைச் செங்குத்து அச்சிலும் 1/செறிவைக் கிடை அச்சிலும் குறித்தால் நேர்கோடு கிடைக்கும்; வரைபடத்தாளும் அளவுகோலும் போதும்.
வளைவுப் பொருத்தம்: வேகம்–செறிவு வளைவையே அளவீடுகளோடு நேரடியாகப் பொருத்துவது; கணினி வேண்டும், கேஎம், விமேக்ஸ் இரண்டுக்கும் தொடக்க ஊகமும் தர வேண்டும்.

துல்லியம்
இங்கேதான் பெரிய வித்தியாசம். லைன்வீவர்–பர்க் முறையில் வேகத்தைத் தலைகீழாக்குகிறோம். அளவீட்டுப் பிழை எப்போதும் 1 அலகு என்று வைத்துக்கொள்வோம். வேகம் 10 என்றால் தலைகீழ் மதிப்பு 0.09 முதல் 0.11 வரைதான் ஆடும். வேகம் 2 என்றால் 0.33 முதல் 1 வரை போய்விடும்! ஆக, நம்பிக்கை குறைந்த புள்ளிகளே கோட்டின் சாய்வைத் தீர்மானிக்கின்றன. வளைவுப் பொருத்தம் மூல அளவீடுகளை அப்படியே எடுத்துக்கொள்வதால் இந்தச் சிக்கல் இல்லை.

தடுப்பானை இனங்காண
தடுப்பான் (நொதியின் வேலையைக் குறைக்கும் பொருள்) இல்லாமலும் சேர்த்தும் வரைந்த லைன்வீவர்–பர்க் கோடுகள் பார்த்ததும் சொல்லிவிடும். செங்குத்து அச்சில் சந்தித்தால் போட்டித் தடுப்பு: விமேக்ஸ் மாறாது, கேஎம் கூடும். கிடை அச்சில் சந்தித்தால் போட்டியற்ற தடுப்பு: விமேக்ஸ் குறையும், கேஎம் மாறாது. இணையாக ஓடினால், தடுப்பான் நொதி–வினைப்பொருள் கூட்டில் மட்டும் ஒட்டுகிறது, இரண்டுமே குறையும். வளைவுகளை வெறும் கண்ணால் பார்த்து இதைப் பிரிப்பது கஷ்டம்.

தேர்வுக்குப் படிப்பவருக்கும் தடுப்பு வகையைப் படமாகக் காட்ட விரும்புபவருக்கும் லைன்வீவர்–பர்க் சரி. ஆய்வறிக்கையில் எண்ணைப் பதிவு செய்வதென்றால் வளைவுப் பொருத்தம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம், எந்த முறையானாலும் வினைப்பொருள் செறிவுகள் கேஎம் மதிப்புக்குக் கீழும் மேலும் பரவியிருக்கட்டும்.