மறு எண்ணிக்கையா, தேர்தல் வழக்கா?

சொற்ப ஓட்டில் தோற்றவர் எதை நம்புவது? கோத்தகிரி டீக்கடையில் மழை விடும்வரை இதே பேச்சு.

காலம்: ஓட்டு எண்ணும் மேஜையிலேயே மறு எண்ணிக்கை கேட்டால் அன்றைக்கே தெரியும். ஆனால் முடிவை அறிவிக்கும் முன் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வேட்பாளரின் ஏஜென்ட் டீ குடிக்கப் போனால் போச்சு. வழக்குப் போட 45 நாள் அவகாசம். ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வேறு. ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 2016-இல் வித்தியாசம் 49 ஓட்டு. உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னதே 2019-இல். எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் பதவிக்காலமே முடிந்தது. இதற்குப் பெயர் நீதியா?

செலவு: மறு எண்ணிக்கைக்கு ஒரு தாள். வழக்குக்கு டெபாசிட் 2,000 ரூபாய்தான். வக்கீல் ஃபீஸும் மலையிறங்கிச் சென்னை போய்வருவதும் தனி.

எண்ணிக்கையில் சந்தேகமா, மேஜையை விட்டு நகராதீர்கள். பணப்பட்டுவாடா, தள்ளுபடியான வேட்புமனு என்றால் நீதிமன்றம்தான்.