25 ஃபிரேமா, 29.97 ஃபிரேமா?

ஏர்வாடி சந்தனக்கூடு, கீழக்கரைக் கல்யாணம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களின் பேட்டி என்று எங்கள் குழு எடுக்கும் எல்லா வீடியோவையும் இப்போது நொடிக்கு 25 ஃபிரேமில்தான், அதாவது 25 தனிப்படங்களாகத்தான், எடுக்கிறோம். முன்பு ஒரு கேமரா 25-இலும் இன்னொன்று 29.97-இலும் ஓடும். எதற்கு மாறுவது என்று பேசியபோது நான் 25-ஐப் பிடித்துக்கொண்டேன்.

விளக்கு விஷயம் தெரிந்ததுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பந்தலில் கட்டும் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/50 நொடி ஒளி விடுவது) அதோடு இயல்பாகப் பொருந்தும். 29.97-இலும் ஷட்டரை 1/100 ஆக வைத்தால் விளக்கு மின்னுவதால் படத்தில் பட்டை விழுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆகவே இதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

கணக்குதான் முடிவு செய்கிறது. பேட்டிக்கு வசன வரி போடும்போது மென்பொருள் ஃபிரேம் எண்ணைக் காட்டும். எழுதுபவர் நேரத்தைக் கேட்பார். 34,575-ஆவது ஃபிரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 என்றால், நான்கால் பெருக்கிக் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு முன் புள்ளி வைத்தால் போதும்: 1383.00 நொடி, அதாவது 23 நிமிடம் 3 நொடி. ஒரு ஃபிரேம் சரியாக 40 மில்லிநொடி. நிமிடத்துக்கு 1,500, மணிக்கு 90,000. எங்கும் மிச்சம் இல்லை.

அதே எண்ணை 29.97-இல் போட்டுப் பாருங்கள். அதன் உண்மையான மதிப்பு 30,000-ஐ 1,001-ஆல் வகுத்தது. 1953-இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்காக 30-ஐச் சற்றே குறைத்ததால் வந்த வினை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று முகவரி தருவது டைம்கோடு. நொடிக்கு 30 என்று எண்ணும் சாதாரண டைம்கோடு 00:19:12:15 என்று காட்டும். கடிகாரப்படி 19 நிமிடம் 13.65 நொடி ஆகியிருக்கும். ஒரு மணி நேரத்தில் இந்த வித்தியாசம் 3.6 நொடியாகிவிடும். இதைச் சரிக்கட்ட வந்ததுதான் டிராப் ஃபிரேம்: ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டிவிடும், பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டாது. படம் எதுவும் வெட்டுப்படாது, எண்தான் குதிக்கும். அந்த முறையில் நம் ஃபிரேம் 00:19:13;21. ஒரே ஃபிரேமுக்கு இரண்டு முகவரி! வசன வரி எழுதுபவர் ஒரு முறையிலும் வெட்டுபவர் இன்னொரு முறையிலும் இருந்தால், இந்த இடத்தில் பேசுபவரின் உதடும் கீழே ஓடும் வரியும் 1.2 நொடி விலகி நிற்கும். உப்புக்காற்றில் நின்று அந்தப் பெண்கள் சொன்ன சொல் அவர்கள் வாய் அசையும்போதே வரவேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒலியிலும் இதே கதை. ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து பதிவு செய்கிறோம்; ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. 25-க்கு ஒரு ஃபிரேமுக்கு 1,920 மாதிரிகள், முழு எண். 29.97-க்கு 1,601.6.

29.97-க்கும் நியாயம் உண்டு. கைப்பேசித் திரைகள் பலவும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதில் 29.97 ஏறக்குறைய இரண்டிரண்டாக அமர்ந்துவிடும். 25 சமமாக அமராது. பாம்பன் பாலத்தை ஒட்டிக் கேமராவை மெல்லத் திருப்பும்போது தூண்கள் லேசாகத் தத்துவதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். கல்யாண வீட்டார் யாரும் இதுவரை அதைக் குறையாகச் சொன்னதில்லை. உறவினர் கைப்பேசியில் 30-இல் எடுத்துத் தரும் துண்டுகளை 25-க்குள் கொண்டுவரும்போது ஆறில் ஒரு ஃபிரேம் போய்விடும். நாதஸ்வரக்காரரின் விரல்களில் அது தெரிகிறது. உட்கார்ந்து பேசுபவரிடம் தெரிவதில்லை.

சினிமாவில் வழங்கும் 24 ஃபிரேமில் நான் முழு வேலை எதையும் முடித்ததில்லை. ஓரிரு சோதனைத் துண்டுகளை வைத்து அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் 29.97 கேட்டால் படப்பிடிப்பிலிருந்தே எல்லாக் கேமராக்களையும் அதில் வையுங்கள். டிராப் ஃபிரேமா இல்லையா என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். டைம்கோடின் கடைசிக் குறி அரைப்புள்ளியாக (;, டிராப் ஃபிரேம்) இருக்கிறதா, முக்காற்புள்ளியாக (:, சாதாரணம்) இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெட்டத் தொடங்குங்கள்.