காட்பாடியில் ஒரு நடப்பு நிகழ்வுகள் வகுப்பு: புத்தகத்தை விடுங்கள், மேடத்தைக் கேளுங்கள்

அரசுப் பணித் தேர்வெழுதும் வயதைக் கடந்தவன் நான். நாளிதழில் வருவது ஒழுங்காகப் புரிந்தால் போதும் என்ற எண்ணத்தில், காட்பாடியில் உள்ள ஒரு பயிற்சி மையத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் 1,800 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பன்னிரண்டு வாரங்கள், காலை 10 மணி முதல் 1 மணி வரை. உடன் இருந்தவர்கள் பெரும்பாலும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்.

முதல் நான்கு வாரங்கள் வீண். பாடம் எடுத்தவர், மையமே அச்சிட்ட மாதத் தொகுப்பை வரிவரியாக வாசித்து அடிக்கோடிடச் சொன்னார். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் 15 உறுப்பினர்கள், அவர்களுள் 5 பேர் நிரந்தர உறுப்பினர்கள் என்று வகுப்பே ஒரே குரலில் ஒப்பித்தது. ஆனால் 14 நாடுகள் ஆதரித்த தீர்மானம்கூட ஒரு நிரந்தர உறுப்பினர் எதிர்த்தால் விழுந்துவிடுவது எதனால் என்று நான் கேட்டபோது, "அது சிலபஸில் இல்லை சார்" என்பதே பதிலாக வந்தது. தொகுப்போ, 2020இல் மயிலாடுதுறையோடு 38 ஆகிவிட்ட தமிழக மாவட்டங்களை இன்னும் 37 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தனியாக 200 ரூபாய் வேறு.

ஐந்தாம் வாரம் ஆசிரியை ஒருவர் மாறி வந்தார். 2019 ஏப்ரல் 18 அன்று தமிழகமே மக்களவைத் தேர்தலில் வாக்களித்தபோது வேலூர் மட்டும் ஏன் வாக்களிக்கவில்லை என்று கேட்டார். கோர்ட் தடை என்றனர் சிலர். கலவரம் என்றார் ஒருவர். பெருந்தொகை ரொக்கம் பிடிபட்டதையடுத்துத் தேர்தல் ஆணையம் பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் அறிவிக்கையை ரத்து செய்தார் என்பதும், அதே நாளில் ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் மட்டும் நடந்ததால் அவ்வூர்க்காரர்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஏப்ரலிலும் எம்.பி.க்கு ஆகஸ்ட் 5ஆம் தேதியும் வாக்களித்தார்கள் என்பதும் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே புதுச் செய்தியாக இருந்தன.

இந்திய ஏற்றுமதி மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 விழுக்காடானதைப் பற்றிய வகுப்புதான் இவை எல்லாவற்றிலும் சிறந்தது. ஆம்பூர்ப் பையன் ஒருவன், "எங்கம்மா ஷூ கம்பெனியில தைக்கிறாங்க மேடம், ஓவர்டைம் நின்னுடுச்சு" என்றான். அந்த வரியைக் கட்டுவது யார் என்று கேட்டதற்கு, நான் உட்பட அனைவரும் நம் கம்பெனிதான் என்றோம். அவர் பலகையில் 1,000 ரூபாய் ஷூ ஒன்றை வரைந்து, அமெரிக்கத் துறைமுகத்தில் அந்த 500 ரூபாயைக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர் என்று காட்டினார். அப்புறம் அந்தப் பணத்தை அவர் கடைக்கு வருபவரிடம் வாங்குவாரா, தம் லாபத்தில் கழிப்பாரா, ஆம்பூரிடம் விலையைக் குறைக்கச் சொல்வாரா என்று கேட்டார். அந்த மூன்றாவது கேள்விக்குப் பையன் மெதுவாகத் தலையாட்டினான். குறிப்பேட்டில் அன்று எவரும் அடிக்கோடிடவில்லை.

அறையில் இரண்டு மின்விசிறிகள், ஒன்றுதான் சுற்றுகிறது. வண்டி நிறுத்த இடமில்லை. சேர விரும்புவோர் பணம் கட்டுமுன் அந்தப் பருவத்தில் பாடம் எடுப்பவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; ஆசிரியை என்றால் சேரலாம், தொகுப்பை மட்டும் வாங்க வேண்டாம்.