கையால் குவில்ட் தைக்க எந்த பேட்டிங், எந்த ஊசி: சில வருட அனுபவம்

குவில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு விரிப்பு, அடியில் பின்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. அதைக் கையால் தைக்க ஆரம்பிப்பவர்கள் எல்லாரும் முதலில் ஊசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பேட்டிங்கை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். ஊசி சிக்காமல் இறங்குமா, சாயங்காலம் மணிக்கட்டு வலிக்குமா என்பதெல்லாம் நடுவில் இருக்கும் அந்தப் பஞ்சு விரிப்பைப் பொறுத்ததுதான்.

வாங்கும்போது ஸ்கிரிம் இருக்கிறதா என்று பாருங்கள். இழைகள் கலையாமல் இருக்கப் பஞ்சோடு சேர்த்துக் குத்திவிட்டிருக்கும் மெல்லிய அடுக்கு அது. மெஷினில் தைப்பவர்களுக்கு நல்லது, கைக்கு வேண்டாம். வார்ம் அண்ட் நேச்சுரல் என்ற பேட்டிங் பிராண்ட் தரமான காட்டன், எத்தனை துவைத்தாலும் உழைக்கிறது, ஆனால் அதில் ஸ்கிரிம் உண்டு. ஒவ்வொரு குத்துக்கும் ஊசி ஒரு நொடி நின்று, பிறகு இறங்குவது விரலிலேயே தெரியும். சின்ன வேலைக்குச் சரி, கட்டில் அளவுக்கு நான் எடுக்க மாட்டேன்.

நான் அதிகம் தைத்தது ஹாப்ஸ் நிறுவனத்தின் 80/20 பேட்டிங், அதாவது 80 சதவீதம் காட்டன், மீதி பாலியஸ்டர். ஸ்கிரிம் இல்லை. தையல் வரிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் விடக்கூடாது. துவைத்தால் கொஞ்சம் சுருங்கி மேலே சின்னச் சின்னச் சுருக்கம் விழும், எனக்கு அது பிடிக்கும். முழு பாலியஸ்டரில் ஊசி நன்றாகவே போகும், ஆனால் நாளாக ஆக இழை மேல்துணி வழியே வெளியே வரும், கறுப்புத் துணியில் வெள்ளை முடி மாதிரித் தெரியும்.

கம்பளி பேட்டிங்தான் என் விருப்பம். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், மடித்து வைத்தாலும் தடம் நிற்காது, தையல் கோடுகளுக்கு நடுவே அழகாகப் புடைத்து எழும். விலை கூடுதல்தான். வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். பிட்வீன்ஸ் என்று கேட்டு வாங்குங்கள், குவில்ட் தைப்பதற்கான குட்டை ஊசி அது, எண் கூடக் கூட ஊசி குட்டையாகவும் மெல்லிசாகவும் ஆகும். ஏன் குட்டை? திம்பிள் (விரல் நுனியில் மாட்டும் உறை) போட்ட விரலால் நேராகக் கீழே அழுத்தி, அடியில் இருக்கும் விரல் நுனியில் முனை பட்டதும் ஊசியைப் படுக்கவைத்து மேலே கொண்டுவருகிறோம், இப்படி மூன்று நான்கு தையல் ஏறிய பிறகுதான் நூலை இழுப்பது. இந்த ஆட்டத்தில் நீள ஊசி வளைந்துவிடும், குட்டை ஊசி தாங்கும். தொடங்குபவர்களுக்கு 8 அல்லது 9 போதும். எனக்கு 10 பழகிவிட்டது. 12-இல் தையல் பொடியாக வரும், ஆனால் காதில் நூல் கோப்பதற்குள் பொறுமை போய்விடும். அதற்கு ஒரு வழி, ஏழெட்டு ஊசியை மொத்தமாக நூல்கண்டிலேயே கோத்து வைத்துக்கொண்டு, நூல் தீரத்தீர ஒவ்வொன்றாக உருவிக்கொள்வது.

ஊசி பிராண்டுகளில் ஜான் ஜேம்ஸ் எளிதில் கிடைக்கும், டியூலிப் விலை அதிகமானாலும் வழுவழுப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்த ஊசியானாலும் வியர்வை பட்டு முலாம் மங்கி, துணியில் இழுக்க ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள். 8-ஆம் எண் பெர்ல் நூலில் (முறுக்கிய தடிமனான எம்பிராய்டரி நூல்) பெரிய தையல் போடுவதானால் பிட்வீன்ஸ் காது போதாது, எம்பிராய்டரி ஊசி எடுங்கள்.

அப்புறம் பின்துணி. நெருக்கமாக நெய்த பெட்ஷீட்டையோ பாத்திக்கையோ அடியில் போட்டால் கம்பளி பேட்டிங்கில்கூட ஊசி முரண்டு பிடிக்கும். மூன்று அடுக்கிலும் கையகலத் துண்டு வெட்டி, அதில் நாலு வரி தைத்துப் பார்த்த பிறகு மீதியை வெட்டுங்கள்.