எம்ஓவி என்று இருந்தால் புரோரெஸ் ஆகிவிடாது: கலர் கிரேடிங்குக்குப் படம் கொடுப்போர் கவனத்திற்கு

2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தைப் பற்றி நான் எடுத்த 40 நிமிட ஆவணப்படத்தைப் பிரீமியர் புரோ மென்பொருளில் எடிட் செய்து முடித்து, கலர் கிரேடிங்குக்காக, அதாவது காட்சிகளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீர்படுத்துவதற்காக, ஒரு ஸ்டுடியோவிடம் ஒப்படைத்தேன். அங்கே டாவின்சி ரிசால்வ் என்ற கிரேடிங் மென்பொருளில் வேலை செய்கிறார்கள். ஆறு மணி நேர மூலப் பதிவுகள் அனைத்தையும் புரோரெஸ் 422 எச்க்யூவாக (கிரேடிங்குக்கு ஏற்ற, குறைவாகச் சுருக்கப்பட்ட, அளவில் பெரிய வடிவம்) மாற்றிக்கொள்வதாகச் சொல்லி, அதற்கென்றே தனியாக 18,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஹார்டு டிஸ்க் திரும்பி வந்தபோது, அதன் அளவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. 1080 அளவில், நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்த பதிவு எச்க்யூவில் மணிக்குச் சுமார் 83 ஜிபி பிடிக்கும். ஆறு மணி நேரத்துக்கு 500 ஜிபியை நெருங்கியிருக்க வேண்டும். வந்ததோ 70 ஜிபிகூட இல்லை. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து பார்த்தேன்; எல்லாம் எச்.264, அதாவது படத்தை மிகவும் சுருக்கி வைக்கும் வடிவம். கேட்டதற்கு, "ஃபைல் எல்லாம் எம்ஓவிதானே சார், அதுதான் புரோரெஸ்" என்றார் பொறுப்பாளர். எம்ஓவி என்பது வெறும் உறை. உள்ளே எந்த கோடெக்கும், அதாவது படத்தைச் சுருக்கும் எந்த முறையும், இருக்கலாம். ஏற்கெனவே எச்.264 ஆக இருந்ததை மறுபடியும் எச்.264 ஆகச் சுருக்கியதால், பட்டறையின் இருண்ட மூலைகளெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தன.

இதைவிடப் பெரிய சேதம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா இடும் நேரக் குறியான டைம்கோடில் நேர்ந்தது. எடிட்டை ரிசால்வுக்குக் கொண்டுபோகப் பிரீமியர் எழுதித் தரும் எக்ஸ்எம்எல் கோப்பில் காட்சிகள் இருப்பதில்லை. எந்தக் கோப்பில் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கும். இவர்கள் கோப்புகளுக்கு 001, 002 என்று புதுப் பெயர் வைத்து, கேமரா பதித்த டைம்கோடையும் அழித்து, எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க விட்டுவிட்டார்கள். ரிசால்வில் பாதிக் காட்சிகள் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக நிற்க, கண்ணால் பார்த்துத் தோராயமாகப் பொருத்தியிருக்கிறார்கள். ஆச்சா மரத்தைக் கடையும் காட்சி வரவேண்டிய இடத்தில் சீவாளி செருகும் காட்சி இருந்தது.

செல்போனில் எடுத்த ஒரு பேட்டியும் இருந்தது. செல்போன்கள் பெரும்பாலும் சீரான ஃபிரேம் ரேட்டில் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு) பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம்களும் குறையும். அதைக் கவனிக்காமல் 25க்கு மாற்றியதால், முதல் நிமிடத்தில் சரியாக இருந்த ஒலி, இருபதாவது நிமிடத்தில் அரை நொடி பின்தங்கிவிட்டது. உளி மரத்தில் இறங்கிய பிறகுதான் தட்டும் சத்தம் கேட்கிறது.

இந்த வேலையைக் கொடுக்கப்போகிறவர்கள் கோடெக், ஃபிரேம் ரேட், கோப்பின் பெயர், டைம்கோடு ஆகிய நான்கும் எப்படி இருக்கும் என்பதை முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் படத்தையும் கொடுக்காமல், இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் முதலில் அனுப்பி, டைம்கோடு தெரியும்படி எக்ஸ்போர்ட் செய்த உங்கள் பிரதியோடு ஒவ்வொரு வெட்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். நெஸ்ட் செய்த (பல காட்சிகளை ஒன்றுக்குள் அடக்கிய) பகுதிகளைப் பிரித்துக் கொடுங்கள். படத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் போன்ற எஃபெக்ட்கள் எக்ஸ்எம்எல்லில் போய்ச் சேராது. ரிசால்வில் மீடியாவைச் சேர்த்த பிறகு புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது என்பதால், அதையும் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். மூலப் பதிவுகளின் ஒரே பிரதியை எவரிடமும் கொடுக்காதீர்கள்.

கடைசியாகச் சொன்னதில் நானே தவறினேன். கேமரா பதிவுகளுக்கு வீட்டில் இன்னொரு பிரதி இருந்தது. அவற்றை நானே புரோரெஸாக மாற்றிக்கொண்டேன். செல்போன் பேட்டிக்கு இல்லை. டிஸ்கில் இடம் போதவில்லை என்று அதன் மூலத்தை அவர்கள் அழித்துவிட்டார்கள். முன்பணமும் இதுவரை திரும்பவில்லை. அந்த முதிய ஆசாரியின் இருபது நிமிடப் பேச்சைப் பதினொரு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு உளித் தட்டலையும் அடையாளமாக வைத்து, ஒலியைக் கையாலேயே நகர்த்திப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். ஏழு துண்டுகள் முடிந்திருக்கின்றன.