ஏ மைனர் 11: ஒரே விரல் பாரேயா, ஐந்தாம் கம்பியை அடக்கும் பிடியா?

கிட்டாரில் ஏ மைனர் 11 என்ற கார்டுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) இரண்டு பிடிகள் பரவலாகப் புழங்குகின்றன. இரண்டையும் வாசித்துப் பார்த்து இரண்டாவதை வைத்துக்கொண்டேன்.

முதலாவது எளிது. ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டையில்) ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்தால் போதும், இதுதான் பாரே: ஏ, டி, ஜி, சி, ஈ, மறுபடி ஏ. 1959-ல் பதிவான ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்'டில் பில் எவன்ஸ் பியானோவில் வைத்த கார்டும் இதன் முதல் ஐந்து ஸ்வரங்களின் அடுக்கேதான்: மூன்று ச-ம (ஷட்ஜம்-மத்யமம்) இடைவெளி, அதன் மேல் ஒரு ச-அந்தர காந்தாரம்.

இரண்டாவதில் நடுவிரல் ஆறாம் கம்பியில் (அதாவது தடித்த கம்பியில்), ஐந்தாம் ஃப்ரெட். அதன் நுனி ஐந்தாம் கம்பியை லேசாகத் தொட்டு அடக்க வேண்டும். அதே ஃப்ரெட்டில் நான்காம் கம்பிக்கு மோதிர விரல், மூன்றாவதுக்குச் சுண்டுவிரல். இரண்டாம் கம்பிக்கு ஆள்காட்டி, மூன்றாம் ஃப்ரெட்டில். முதல் கம்பி வேண்டாம். ஒலிப்பது ஏ, ஜி, சி, டி நான்கே. பஞ்சமமான ஈ இல்லை; ஆனாலும் மைனரின் நிறம் கெடுவதில்லை.

எனக்கு முடிவைத் தந்தது ஆதார ஸ்வரம். பாரேயின் ஐந்து ஸ்வரங்களை ஏ-யிலிருந்து எண்ணினால் சுத்த தன்யாசி, சி-யிலிருந்து எண்ணினால் மோகனம். பாஸ் கிட்டார் இல்லாமல் ஒருவர் பாட நாம் வாசிக்கும்போது காது எதைப் பிடிப்பது? போதாக்குறைக்கு அடியில் ஏ-யும் டி-யும் ச-ம உறவில் நிற்கின்றன. காது டி-யையே ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். இரண்டாவது பிடியில் அந்தக் குழப்பம் இல்லை. ஏ-க்கு மேல் ஜி வரை வெற்றிடம், ஏ கணீரென்று நிற்கிறது. மேலே சி-யும் டி-யும் ஒட்டி உரசும் அந்த இடம்தான் இந்தக் கார்டின் உயிர். கார்டை உதிர்த்து, கடைசி இரண்டு கம்பிகளைச் சற்றே தாமதித்து மீட்டிப் பாருங்கள். அடுத்து டி 9 என்ற கார்டுக்குப் போவதும் சுகம்: ஜி அரை ஸ்வரம் இறங்கி எஃப் ஷார்ப் ஆகும், சி அசையாது, டி ஈ-க்கு ஏறும்.

பாஸ் வாசிப்பவரோடு நான் அதிகம் வாசித்ததில்லை. அவர் ஏ-யைப் பிடித்துக்கொண்டால் பாரேயின் குறை பெரும்பாலும் மறையும் என்றே நினைக்கிறேன். கம்பிகளை ஒருசேர வருடும் வேகமான ஸ்ட்ரம்மிங்குக்கும் பாரேதான் தோது. எஃப் மைனர் 11 கேட்டால் எனக்கும் வேறு வழியில்லை: எஃப் முதல் ஃப்ரெட்டிலேயே வருவதால் ஆள்காட்டியை இரண்டு ஃப்ரெட் பின்னால் வைக்க இடம் கிடையாது, முதல் ஃப்ரெட்டில் பாரே போட்டுவிடுவேன்.